பேப்பர் வேட்டை

கம்பம் பள்ளத்தாக்கில் அப்பாமார் விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் ஒரு திராட்சைப் பந்தல், மலைமேல் கொஞ்சம் ஏலத்தோட்டம், தலைமுறைக்கும் தீராத ஒரு வாய்க்கால் தகராறு. என் அப்பா விட்டுப்போனது ஒரு ரைபிள்.

பாயின்ட் 22, பி.எஸ்.ஏ. மார்ட்டினி. ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டாதான். காகிதத்தில் வட்டம் போட்டு, வட்டத்தின் நடுவில் சுடுவதற்கென்றே செய்தது. 1861-ல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்கிறவர்கள் கூடி ஆரம்பித்த கம்பெனி. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போனதெல்லாம் பிற்பாடு. ஆனால் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் புண்ணியத்தில் எங்கள் ஊரில் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள்தான். "அப்பாவோட பி.எஸ்.ஏ.வைச் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று ஒரு சேக்காளியிடம் சொன்னேன். "டயர் கிடைக்குதா மாப்ள?" என்றான்.

அப்பா ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கர். மதுரையில் ரைபிள் கிளப் உறுப்பினர். வாய்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், சாக்கு விரித்துக் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுட்டுவிட்டு வருவார். "படுத்துக்கிட்டே விளையாடுற விளையாட்டு உலகத்துல இது ஒண்ணுதான். அதான் உங்கப்பாவுக்குப் பிடிச்சிருக்கு" என்பாள் அம்மா. வீட்டில் தோட்டா போடாமல் பயிற்சி நடக்கும். வெறுமனே விசையை இழுத்தால் ஊசி குழல் விளிம்பைக் குத்திக் கெடுத்துவிடும் என்று, சுட்ட காலித் தோட்டாக் கூடு ஒன்றை உள்ளே வைத்துக்கொள்வார். குறி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். அதிலும் எமகண்டம் போட்டிருக்கும் கட்டம். அவர் கணக்கில் எங்கள் வீட்டில் எமன் தினமும் செத்துக்கொண்டிருந்தான்.

அந்தத் துப்பாக்கி வீட்டில் இருந்த நாளைவிடக் காவல் நிலையத்தில் இருந்த நாள்தான் அதிகம் என்பதும் அம்மாவின் வாதம். தேர்தல் அறிவித்தால் உரிமக்காரர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பக்கமோ தேர்தலுக்குப் பஞ்சமில்லாத பூமி. 1984-ல் எம்.ஜி.ஆர். நியூயார்க் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார் (படுத்தபடி ஜெயிக்கிற இன்னொரு விளையாட்டு இருக்கிறது என்று அப்பா அம்மாவுக்குச் சொன்னது அப்போதுதான்). பிறகு 2002-ல் ஆண்டிபட்டி இடைத்தேர்தல், 2009-ல் கம்பம் இடைத்தேர்தல், 2019-ல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து ஆண்டிபட்டிக்கும் பெரியகுளத்துக்கும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் போட்டு, துணி சுற்றி, பொண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு அப்பா கொண்டுபோய்க் கொடுப்பார்.

அவர் போனபின் துப்பாக்கி ஒரேயடியாக ஒப்படைக்கப்பட்டது. துப்பாக்கி வாரிசுக்கு வரும், உரிமம் வராது. அதை நாமேதான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ், கலெக்டர் அலுவலகத்தில் மனு, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சி, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை. கால் சென்ட் இடத்துக்குக் கோர்ட்டு ஏறுகிற ஊரில், என் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு, "அப்ப கிரைண்டர் எனக்கு" என்றாள்.

மருத்துவச் சான்றிதழும் வேண்டும், மனநிலை உட்பட. டாக்டர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"தோட்டத்துல பன்னித் தொல்லையா?"

"இல்லீங்க. தோட்டமே இல்ல."

"பின்ன எதைச் சுடப் போறீங்க?"

"பேப்பரை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். சான்றிதழ் கிடைக்காது என்று அந்த ஒரு நிமிடம்தான் பயந்தேன்.

சொந்தக்காரர்களுக்கும் இதே குழப்பம். "உங்கப்பா எத்தனை பன்னி அடிச்சாரு?" என்று கேட்காத கல்யாண வீடு இல்லை. 2023 மே 27-ல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருவுக்குள் நடந்து வந்தபோது சித்தி மகன் போன் போட்டு, "அண்ணே, பெரியப்பா துப்பாக்கி எங்க இருக்கு?" என்றான். அதன் தோட்டா முனை இரண்டரை கிராம் சொச்சம். யானைக்கு அது தெரிவதற்குள் நமக்குக் கருமாதி முடிந்திருக்கும். நல்லவேளை, வனத்துறை மயக்க ஊசியோடு வந்து ஜூன் 5-ல் பிடித்து, முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது.

ஒரு வழியாக உரிமம் வந்தது. துப்பாக்கியும் வந்தது, துருவோடு. பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. 1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கிறவருக்கும் உரிமம் வேண்டும். மதுரைக்குப் போனேன். கடையில் ஒரு வயசாளி லீவரை இறக்கி, பின்பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்து, குழலுக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, உள்ள குடித்தனம் இருக்கு" என்றார். குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"இதோட சுட்டிருந்தீங்கன்னா குழல் வாழைப்பூ கணக்கா விரிஞ்சிருக்கும்."

பித்தளைக் கம்பியை விட்டு மண்ணைப் பொடிப்பொடியாக எடுத்தார். பிறகு எண்ணெயில் நனைத்த பிளானல் துண்டு. முதல் துண்டு செம்மண்ணாக வந்தது, அடுத்தது ஈயக் கறுப்பாக. துண்டு வெள்ளையாகவே திரும்பி வந்தபோது என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வரிகள் முறுக்கிக்கொண்டு ஓடின, பளபளவென்று. வெளித்துருவை எண்ணெயும் மெல்லிய எஃகு நாரும் வைத்துத் தேய்த்தார். மேலே புது நீலப்பூச்சு கொடுக்கலாமா என்றேன். "புதுசு வேணும்னா புதுசு வாங்கிக்கங்க" என்று முடித்துவிட்டார்.

கட்டையை மட்டும் நான் வீட்டில் பார்த்துக்கொண்டேன். வாசல் கதவுக்கு அடித்து மிச்சமான வார்னிஷை அப்பா அதற்கும் அடித்திருந்தார், சிக்கனம் கருதி. அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் அருமையான வால்நட் ரேகை. லின்சீட் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு உள்ளங்கைச் சூட்டில் தேய்க்க வேண்டும். காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். வீடு முழுக்க ஒரே எண்ணெய் வாடை. "என் முழங்காலை இப்படித் தேய்க்க ஆளில்ல" என்றாள் அம்மா.

மதுரை ரேஞ்சில் சாக்கு விரித்துப் படுத்தேன். பத்து மார்க் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அன்றைக்குக் காற்று வேறு. அதன்மேல் எவ்வளவு பழி போடலாமோ அவ்வளவும் போட்டுவிட்டு, அட்டையைச் சுருட்டிக்கொண்டு ஊர் வந்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மளிகை அலமாரித் தட்டுகளில் விரிப்பதெல்லாம் அப்பா சுட்ட அட்டைகள்தான்.

"அவரு நடுவுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கொண்டாருவாரு. அது மேல உப்பு ஜாடியை வச்சிருவேன்" என்றாள். "நீ கடுகு வைக்கக்கூட இடம் விடலையேப்பா."