வடம் பிடித்த கை

ராமநாதபுரம் சேதுபதி அரண்மனையின் கொடைக்கு ஈடு எங்கும் நான் கண்டதில்லை. 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியபோது, வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மன்னர் பாஸ்கர சேதுபதியே மற்றவர்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தார். அந்த வருகைக்கு 40 அடி நினைவுத்தூணும் எழுந்தது. ஒரு நாள் வண்டியிழுத்த கைக்கு வரலாறு தந்த மரியாதை அது. மலாயாவின் சுங்கை சிப்புட்டில், ஈவூட், எல்பில் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, காலமெல்லாம் பால்வாளி சுமந்த எங்கள் பாட்டிமார் கைக்கு ஒரு முழக் கல்லும் இல்லை. அவர்கள் பிறந்த ராமநாதபுரச் சீமையின் கல்லெல்லாம் முன்பே கோயிலுக்குப் போய்விட்டது: ராமேசுவரம் மூன்றாம் பிராகாரத்தில் மட்டும் 1212 தூண்கள்!

நிலத்தைக் காத்த திறமையையும் சொல்லவேண்டும். 1605-இல் மதுரை நாயக்கர் சேதுபதிக்குத் தந்த சீமை. 1803-இல் கும்பினியின் சாசனத்தால் அரசு போய் ஜமீன் ஆனபோதும் நிலம் கைவிட்டுப் போகவில்லை. களத்துமேட்டில் நெல் குவிந்ததும் அரண்மனை வாரம் அளந்தாகிவிடும். குடியானவனுக்கு மிஞ்சியது அவன் பாடு. மழை பொய்த்தால் கண்மாயும் கைவிரிக்கும்.

விவேகானந்தர் 1893-இல் சிகாகோ போக உதவியதும் அதே அரண்மனைதான். துறவியைப் பணம் கொடுத்துக் கடல் கடத்தியது. எங்களைச் சேர்ந்தவர்களைக் கையில் ஒன்றும் இல்லாமல் ஆக்கிக் கடல் கடத்தியது. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகக் கூடவே வர, நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கினார்கள். இங்கும் நிலம் துரையுடையது, குடியிருந்த லயமும் துரையுடையது.

1948-இல் சென்னை அரசு ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. பறித்த நிலத்துக்கு ஜமீன்தார்களுக்கு இழப்பீடும் உண்டு. அந்த அளவுக்கு அவர்கள் உரிமை மதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 16-இல் எல்பில் தோட்டத்து துரை ஆர்தர் வாக்கர் சுடப்பட்டார், மலாயாவில் அவசரகாலம் வந்தது. பிறகு தோட்டங்கள் துண்டுதுண்டாக விலைபோனபோது லயத்தை இழந்தவர்களுக்கு எந்தச் சீமையின் இழப்பீடும் எட்டவில்லை.

அப்படி விலைபோன தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன்தான் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அரண்மனை ஒரே சாசனத்தில் சீமை முழுவதையும் பெற்றது. பால்மரம் வெட்டியவர்கள் சம்பளத்தில் பத்துப் பத்து வெள்ளியாக எடுத்துவைத்து, ஒரு தோட்டத்தில் பங்கு வாங்கினார்கள்.