மஞ்சள் விளக்கு மகாத்மியம்

பழைய காரில் எஞ்சின் கோளாறைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் தம்பி ஸ்கேனரைச் செருகி, நாடி ஜோசியர் ஓலை வாசிக்கும் தோரணையில் சொன்னார்: "பி0171. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. ஆக்சிஜன் சென்சார் அவுட்டு சார்."

மாற்றினோம். மூன்றாம் நாள் விளக்கு திரும்பியது. புது சென்சாரும் அதே புகாரைத்தான் சொன்னது. உள்ளதைச் சொன்ன பழையதைக் குப்பையில் போட்டிருந்தோம். (புகார் கொடுத்தவனை உள்ளே வைப்பது நமக்கொன்றும் புதிதில்லையே.) அடுத்து, காற்றை அளக்கும் சென்சாருக்கும் அதே கதி.

மூலையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "எங்கயோ உஸ்ஸுங்குதே, கேக்கலியா?"

வேக்குவம் ஹோஸில் நகக்கீறல் அளவு வெடிப்பு. அளக்கும் சென்சாரைத் தாண்டி, பின்வாசல் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்திருக்கிறது. புது ஹோஸ் 80 ரூபாய். ஸ்கேன் கூலி 500.