முஸ்தபா ஓடுமா?

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்களில் ஒருவராவது இந்த ரகமாக இருப்பார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். எந்தச் சாதனத்தைக் கையில் கொடுத்தாலும் முதல் கேள்வி: "இதுல முஸ்தபா ஓடுமா?"

1993-ல் காப்காம் கம்பெனி விட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ ஆர்கேட் கேமுக்கு நம்மூர்ப் பெயர்தான் முஸ்தபா. நாலு ஹீரோக்களில் மஞ்சள் தொப்பி முஸ்தபாவை யார் எடுப்பது என்பதில்தான் சண்டையே. மற்ற மூவருக்கும் பெயர் உண்டு, கேட்பார்தான் இல்லை. பிரவுசிங் சென்டர் காலத்தில் ஒரே கீபோர்டில் மூன்று பேர் கையை நுழைத்து ஆடிய ஆட்டம் அது.

அண்ணன் இப்போது ஆடுவதில்லை, ஓட்டுகிறார். ஓடவே ஓடாது என்று ஊர் கைவிட்ட மெஷினில் ஓட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பே அவர் கணக்கில் ஆடம்பரம். "2 ஜிபி ரேம்ல எருமையே ஓடும்ணா, இதுல இன்னா கெட்டிக்காரத்தனம் கீது?" 512 எம்பி ராஸ்பெர்ரி பை ஸீரோவில் திக்காமல் ஓட்டிய அன்று கடைப் பையனுக்கு ஆம்பூர் பிரியாணி கிடைத்தது. மறுநாளே அது சலித்துவிட்டது. இப்போது அவர் கண் வீட்டிலிருக்கும் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் மேல். அண்ணி அதைப் பீரோவில் பூட்டிவைத்து, சீரியல் நேரத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்.

"பழைய மெஷினைவிட இந்த போர்டுக்குப் பல மடங்கு வேகமாச்சே, அப்புறம் ஏண்ணா திக்குது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பஸ் போய்விடும். அசல் ஆர்கேட் மெஷினில் படத்துக்கு ஒரு சிப், சத்தத்துக்கு ஒரு சிப், கணக்குக்கு ஒன்று. அந்த மெஷினைப் போலவே நடிக்கிற எமுலேட்டர் சாஃப்ட்வேரிலோ, தெருக்கூத்தில் ஒரே ஆள் துரியோதனன், திரௌபதி இரண்டு வேஷமும் கட்டி மத்தளமும் அடிக்கிற கதை. அதையும் நொடிக்கு 60 தடவை செய்ய வேண்டும்.

இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997-ல் தொடங்கிவைத்த ‘மேம்’ எமுலேட்டருக்குப் புதுப்புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவை அசலை அச்சுப்பிசகாமல் பிடிக்கப் பார்ப்பதால் கனமும் ஏறிக்கொண்டே போகிறது. அண்ணன் 2003-ன் 0.78-ஐத் தாண்டி வரமாட்டார். வேறு பதிப்புக்கான கேம் ஃபைலோடு (ரோம்) வருகிறவரிடம், பொருத்தம் இல்லை என்று கைவிரித்துவிடுவார்.

உடைந்த டிஸ்பிளேக்கள் மேஜையில் தூசி ஏறிக் கிடக்கும். "பொழப்பைப் பாருப்பா" என்று பக்கத்து டீக்கடைப் பெரியவர் சொன்னால் பதில் தயார்: "காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப்பு வெச்சி, எந்தக் காலத்துலயோ கெளம்புன வெளிச்சத்தப் பாக்கறாங்க. அவங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். நான் 1993-ஐப் பாத்தா மட்டும் வெட்டிப்பயலா பெரியவரே?"

போன மாதம் ரேஷன் கடையில் கைரேகை மெஷின் சுற்றிக்கொண்டே நின்றது. வரிசை முழுக்க முணுமுணுப்பு. அண்ணன் ஒருவர்தான் முகம் மலர்ந்து, கவுன்டருக்குள் தலையை நீட்டினார்.

"ஏம்மா, இந்த மெஷின்ல ரேம் எவ்ளோ?"