அசல் அந்தமான் வில் செய்து விற்பது எப்படி?

முதலில் கையைக் கொடுங்கள். பார்த்த வேலையை விட்டுவிட்டு, போர்ட் பிளேரில் ஒரு ஷெட் பிடித்து, கைவேலையாக வில் செய்து விற்கப் போகிறீர்கள். நல்ல முடிவு. ஊரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ரசீதில் புதுப் பெயரைப் போடுங்கள், விளம்பரத்தில் பழைய பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து நெடுவில்லும் ரிகர்வ் வில்லும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்டர் கொடுத்தால் கை எவ்வளவு நீளம், நாணை எதுவரை இழுப்பீர்கள், இடக்கையா வலக்கையா என்று கல்யாணத் தரகர் மாதிரி விசாரித்துவிட்டு, மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள். பிழைக்கத் தெரியாதவர்கள். நமக்கு அந்த வழி வேண்டாம். கீழே சொல்வதை அப்படியே செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள்.

1. சுவரை அளந்துகொள்ளுங்கள்.

வாடிக்கையாளரின் கையை அளக்காதீர்கள். ஹாலில் சோபாவுக்கு மேலே எத்தனை அடி காலி, டிவிக்கு எந்தப் பக்கம், சுவர் என்ன நிறம்? மூன்றுக்கும் பதில் வந்ததும் அட்வான்ஸ் வாங்கிவிடலாம். வில்லாளிக்குச் செய்து கொடுத்தால் அவர் எய்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். சுவர் இதுவரை எந்தக் குறையும் சொன்னதில்லை.

2. மரத்தை நிறம் பார்த்து எடுங்கள்.

இந்தத் தீவுகளில் வில்லுக்கென்றே பெயர் வாங்கிய மரம் ஒன்று உண்டு. தாவரவியல் பெயர் சாஜெரேயா எலிப்டிகா. ஆங்கிலேயர்கள் அதற்கு அந்தமான் வில்மரம் என்றே பெயர் வைத்தார்கள். வளைத்தால் உடையாமல் வளையும், விட்டால் நிமிரும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பேசும்போது உதவும். செய்வதற்குப் படாக் மரத்தை எடுங்கள். நல்ல சிவப்பு, பாலிஷ் போட்டால் கண்ணைப் பறிக்கும். இங்குள்ள சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனையோ வீடுகளுக்கு மேசையும் கதவும் ஆன மரம் இது. மேசைக்கு வளையாமலிருப்பது நற்குணம். வில்லுக்கும் அதுதான் நற்குணம் என்று மனதாரச் சொல்லுங்கள்.

3. உலர விடாதீர்கள்.

இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவமழை மே மாதமே வந்துவிடும். அது ஓய்ந்து முடிவதற்குள் வடகிழக்கு தொடங்கிவிடும். இந்த ஈரக் காற்றில் மரத்தைப் பிளந்து, முனைகளுக்கு மெழுகு பூசி, நிழலில் அடுக்கி, அது நிதானமாகக் காயும்வரை காத்திருந்தால் சீசன் போய்விடும். பச்சையாகவே அறுத்துவிடுங்கள். ஈர மரத்தில் செய்த வில்லை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், விசை செத்துவிடும் என்பார்கள். நின்றால் நல்லதுதானே! நன்கு உலர்ந்த வில்லின் நாணைக் கழற்றினால் வெறும் கம்பாக நிமிர்ந்து நிற்கிறது. கம்புக்கு யார் காசு கொடுப்பார்?

4. செதுக்கும் வேலையை மதியச் சாப்பாட்டுக்குள் முடியுங்கள்.

வில் செய்பவர்கள் காலத்தைக் கொட்டி வீணாக்கும் இடம் இதுதான். வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் விரிகிறது, உங்களைப் பார்க்கும் பக்கம் நெருங்குகிறது. விரியும் பக்கத்தில் ஒரு நார் அறுந்தாலும் பிளவு அங்கிருந்து ஓடும். அதனால் மரம் எப்படி வளர்ந்ததோ அந்த நாரோட்டத்தின் வழியே போக வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது என்பது பழைய ஆட்களின் பிடிவாதம். பிறகு கொஞ்சம் சீவுவார்கள். நாண் மாட்டி ஒரு சாண் இழுத்துப் பார்ப்பார்கள். வில்லின் மேல் கை அதிகம் வளைகிறதா, கீழ்க் கை விறைக்கிறதா என்று தள்ளி நின்று நோட்டம் விடுவார்கள். விறைத்த இடத்தில் மட்டும் மறுபடி சீவுவார்கள். இன்னும் ஒரு விரற்கடை கூட்டி இழுப்பார்கள். இப்படியே பொழுது சாயும்.

இந்தத் தீவுகளின் பழங்குடிகளான அந்தமானியர்கள் இன்னும் மோசம். வாய்ச்சியால் உருவம் கொடுத்துவிட்டு, கடைசி இழைப்புக்குக் காட்டுப்பன்றியின் தந்தத்தை எடுப்பார்கள். தந்தத்தின் விளிம்பு மயிரிழைத் தடிமனில் மரத்தைச் சுரண்டும். அதனால் சீவல் கை மீறிப் போகாது. 1890களில் மாரிஸ் விடல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த வேலையைப் படிப்படியாகப் புகைப்படம் எடுத்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். அந்தப் படங்களைத் தேடிப் பார்த்துவிடாதீர்கள். மனது கெட்டுவிடும்.

நீங்கள் பலகையில் பென்சிலால் ஒரு வில் வரைந்துகொள்ளுங்கள். ஜிக்-சா மெஷினைக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். நார் எந்தப் பக்கம் போகிறது என்று மெஷின் கேட்காது, நீங்களும் கேட்காதீர்கள். அறுத்த பிறகு வளைத்துப் பார்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் பலர் நஷ்டப்பட்டது அந்த ஆசையால்தான்.

5. வடிவங்களைக் கலந்து கொடுங்கள்.

கிரேட் அந்தமானியர்களின் வில் அகன்ற தட்டையான இரண்டு கைகளும் ஒடுங்கிய பிடியுமாக, எஸ் எழுத்துபோல நெளிந்திருக்கும். மற்றத் தீவுப் பழங்குடிகளான ஜாரவா, ஓங்கே, சென்டினல் மக்களின் வில்லில் அந்த நெளிவு கிடையாது. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆராய்ந்து, 1922இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வேறுபாட்டைப் பக்கம் பக்கமாக எழுதினார். இரண்டையும் ஒட்டி ஒன்றாக்குங்கள். மேலே நெளிவு, கீழே நேர். ஒரு மயிலிறகு. பிடியில் கொஞ்சம் சோழி.

யாராவது வந்து இது எங்கள் வில் இல்லையே என்பார்களோ என்று பயம் வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கிரேட் அந்தமானியர்கள் 44 பேர், ஓங்கேக்கள் 101 பேர், ஜாரவாக்கள் 380 பேர். சென்டினல் மக்கள் 15 என்று போட்டார்கள், அதுவும் தூரத்திலிருந்து எண்ணியது. இவர்களில் ஒருவரும் உங்கள் கடைக்கு வரப் போவதில்லை. இவ்வளவு சாதகமான சந்தை வேறெங்கும் அமையாது.

ஊரிலிருக்கும் மானிடவியல் அருங்காட்சியகத்தில் அசல் வில்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. வாடிக்கையாளரைக் கடைக்கு வருமுன் அங்கே போகவிடாதீர்கள்.

6. நாணை எப்போதும் ஏற்றியே வையுங்கள்.

அந்தமானியர்கள் அனடெண்ட்ரம் என்ற கொடியின் நாரை உரித்து, தொடையில் வைத்துத் திரித்து, கறுப்புத் தேன்மெழுகு தடவி நாண் செய்தார்கள். உங்களுக்கு நைலான் கயிறு போதும். பச்சை நிறம் கிடைத்தால் காட்டின் வாசனையே வந்துவிடும். வேலை முடிந்ததும் நாணைக் கழற்றி வில்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், காலண்டரைக் காட்டுங்கள். கோதண்டராமர் எந்த மாதத்திலாவது நாணைக் கழற்றி நிற்கிறாரா?

7. அம்புக்கு இறகு ஒட்டுங்கள்.

அந்தமான் அம்புகளுக்கு இறகு கிடையாது. முழங்கால் நீரில் பவளப்பாறை மேல் நின்று, நாலைந்து முழத்துக்குள் நீந்தும் மீனை எய்பவருக்கு இறகு எதற்கு? உங்கள் வாடிக்கையாளர் மீனை மீன் மார்க்கெட்டில் வாங்குகிறவர். அவருக்கு இறகில்லாத அம்பு பாதி விலை மாதிரித் தெரியும். கிளிப் பச்சையில் சாயம் போட்ட கோழி இறகு பிரமாதமாக எடுபடும்.

அடுத்தது பன்றி அம்பு. இதன் இரும்பு முனை தண்டோடு இறுக்கப்பட்டிருக்காது. ஒரு கயிற்றால் மட்டும் தண்டோடு இணைந்திருக்கும். பன்றியின் மேல் பாய்ந்ததும் முனை உடம்பில் தங்கும், தண்டு கழன்று கயிற்றில் இழுபடும். ஓடுகிற பன்றியின் பின்னால் அந்தத் தண்டு புதரில் சிக்கிக் குறுக்கே மாட்டிக்கொள்ளும். பன்றி நின்றுவிடும். தீவுக் காட்டின் அடர்த்தியையே கண்ணியாக்கிய யோசனை இது. என்னைக் கேட்டால் இந்தத் தீவுகளில் வில்லைவிட அம்புதான் பெரிய வேலைப்பாடு. ஆனால் உங்கள் கடையில் ஒரு அப்பா அதைக் கையிலெடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, முனை கழன்று வருகிறதே என்பார். உடனே மன்னிப்புக் கேளுங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக் கொடுங்கள்.

8. இழுவிசையைத் தாராளமாக எழுதுங்கள்.

அமெரிக்க மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1920களில் உலகத்தின் பல வில்களை இழுத்தும் எய்தும் கணக்கெடுத்தார். அவரிடம் சிக்கிய அந்தமான் வில்லின் இழுவிசை 45 பவுண்டு, அம்பு போன தூரம் 142 கெஜம். உங்கள் அட்டையில் 90 என்று போடுங்கள். தராசு வாங்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி அட்டை அடியுங்கள்: வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது என்று. உங்கள் அம்பு அதை அடைத்து அனுப்பும் அட்டைப்பெட்டியைத் துளைத்திருக்கும். அதுவும் கூரியரில்.

9. அம்பில்லாமல் நாணைச் சுண்டச் சொல்லுங்கள்.

அம்பு இருந்தால் வில்லின் விசை அம்போடு போய்விடும். அம்பில்லாமல் இழுத்து விட்டால் அத்தனை விசையும் திரும்பி வில்லுக்குள்ளேயே இறங்கும். நல்ல வில்லே அப்படித்தான் பிளக்கும். ஆனால் சத்தம்! அந்த “டொய்ங்” கேட்டதும் குழந்தைகள் சிரிக்கும், அப்பா பர்ஸைத் திறப்பார். மூன்றாவது டொய்ங்குக்கு முன்னால் பில் போட்டுவிடுங்கள். பாகுபலிபோல மூன்று அம்பை ஒரே நேரத்தில் வைத்துப் போட்டோ எடுக்கட்டும். அம்பை விடச் சொல்லாதீர்கள்.

10. வில்லுக்கு ஒரு கதை வாங்கி வாருங்கள்.

“யார் செய்தது?” என்று கேட்பார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்த தச்சர் என்று உண்மையைச் சொன்னால் விலை விழுந்துவிடும், அவர் எவ்வளவு நல்ல தச்சராக இருந்தாலும். எனவே பாராதாங் போகும் வண்டியில் ஏறுங்கள். அந்தமான் ட்ரங்க் ரோடு ஜாரவா காட்டுக்குள் போகிறது. வண்டியை நிறுத்தாதே, படம் எடுக்காதே, எதையும் கொடுக்காதே என்று ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் எழுதியிருக்கும். அது முன்னால் போகும் வண்டிக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956இலேயே வந்தது. அவ்வளவு பழைய சட்டம் நம்மையா சொல்லியிருக்கும்? 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களைச் சாப்பாடு காட்டி ஆடச் சொன்ன வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது. நீங்கள் ஆடச் சொல்லப் போவதில்லை, தொழில்நுட்பம் கற்கப் போகிறீர்கள். ஓடும் ஜன்னல் வழியே ஒரு பையன் தோளில் வில் தெரிந்ததா? போதும். இனி நீங்கள் அவனுடைய சீடர்.

11. லோகோவுக்கு வடக்கு சென்டினல் தீவைப் பிடியுங்கள்.

2004 டிசம்பரில் சுனாமிக்குப் பிறகு, தீவில் யாராவது பிழைத்தார்களா என்று பார்க்கப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரைப் பார்த்து ஒருவர் கடற்கரையில் நின்று வில்லை நிமிர்த்தினார். அந்தப் படத்தைப் போட்டுவிடுங்கள். அவர் ராயல்டி கேட்டு வரமாட்டார். 1981இல் பிரிம்ரோஸ் என்ற கப்பல் அங்கே பாறையில் ஏறி நின்றது; அதன் இரும்பு அவர்களுடைய ஆயுதங்களுக்குப் போனது. கப்பலையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்ட பட்டறை என்று இதை விளம்பரத்தில் எழுதலாம்.

வாடிக்கையாளர் அந்தத் தீவிலிருந்தே ஒரு வில் வேண்டும் என்று அடம்பிடித்தால், முன்னுதாரணம் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லுங்கள். 1967இல் மானிடவியலாளர் டி.என். பண்டிட் அங்கே போனபோது, ஊரார் காட்டுக்குள் போய்விட்டார்கள். கூட வந்த அதிகாரிகள் சிலர், அவர் தடுத்தும் கேளாமல், குடிசைகளிலிருந்து வில், அம்பு, கூடை என்று நினைவுப் பொருள் எடுத்துக்கொண்டார்கள். கையை அளக்கவில்லை, சுவரையும் அளக்கவில்லை, விலையும் பேசவில்லை. 2025 மார்ச்சில் ஒரு அமெரிக்க இளைஞர் தேங்காயும் ஒரு கோக் கேனும் கொண்டுபோய்க் கரையில் வைத்துவிட்டு வந்தார். அவரைப் போலீஸ் பிடித்தது. அட்வான்ஸ் என்று ரசீது போட்டிருந்தால் வழக்கே வேறு மாதிரிப் போயிருக்கும்.

12. உத்தரவாதம் கொடுங்கள்.

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயுட்கால உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே சின்ன எழுத்தில் மூன்று நிபந்தனை: வில்லை இழுக்கக் கூடாது; ஆணியிலிருந்து கழற்றக் கூடாது; ஏசி அறையில் கரையான் வந்தால் கம்பெனி பொறுப்பல்ல.