பத்துப் பொருத்தம்

சான் ஹோசேயில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை வருஷமாக வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண்ணுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பிறந்த வருஷம் 1971, பிறந்த ஊர் ஜெர்மனியில் ஒஸ்னாப்ரூக். ஆரஞ்சு நிறம், குள்ளமான உருவம், பேட்டரிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் துரு. பெயர் போர்ஷே 914. தேடுகிற வரன், ஒரு கியர் பாக்ஸ்.

இவரைப் போன்றவர்களைக் கலிஃபோர்னியாவில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சனிக்கிழமை காலையில் கராஜ் கதவு பாதி மட்டும் தூக்கியிருக்கிற வீடுதான் அடையாளம். குனிந்து பார்த்தால் ஸ்டாண்டுகளின் மேல் ஒரு பழைய கார், அதன் அடியிலிருந்து நீளும் இரண்டு கால்கள். நாம் நலம் விசாரித்தால் கால்கள்தான் பதில் சொல்லும். பிறகு ஆள் வெளியே வருவார். அறுபதை நெருங்கும் வயது, நெற்றியில் ஒரு மூக்குக்கண்ணாடி, அதைத் தேடுவதற்குச் சட்டைப்பையில் இன்னொன்று. அவர் மனைவியின் கார் ஒன்றரை வருஷமாக வெளியே வெயிலில் காய்கிறது.

பெண்ணின் பூர்வீகத்திலேயே கொஞ்சம் சிக்கல் உண்டு. ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹைன்ஸ் நோர்டோஃபும் ஃபெரி போர்ஷேயும் கைகுலுக்கிப் பேசி முடித்த சம்பந்தம் இது. 1968-இல் நோர்டோஃப் காலமானார். அடுத்து வந்த குர்ட் லோட்ஸ், எழுத்தில் இல்லாத பேச்சுக்குக் கட்டுப்பட முடியாது என்று நின்றுவிட்டார். மனஸ்தாபத்தோடு 1969-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் கார் அரங்கேறியது. நாலு சிலிண்டர் இஞ்சின் ஃபோக்ஸ்வாகன் வீட்டுச் சீர், ஐந்து கியர் பெட்டி போர்ஷே வீட்டுச் சீர். இன்றைக்கும் சில போர்ஷே 911 சொந்தக்காரர்கள் இதைப் பங்காளியாகச் சேர்ப்பதில்லை. நம்மவர் அவர்களோடு தண்ணீர் கூடப் புழங்குவதில்லை.

சரி, இருக்கிற கியர் பாக்ஸுக்கு என்ன வந்தது? இந்தக் காரில் இஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பின்னால் கியர் பாக்ஸ். 1972 வரை வந்த கார்களில் கியர் கம்பி ஓட்டுபவரின் கையிலிருந்து புறப்பட்டு, இஞ்சினைக் கடந்து, பெட்டியின் வால் வரை போய் அங்கிருந்துதான் உள்ளே நுழையும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. 1973-இல் இதைப் பக்கவாட்டில் நுழைகிற மாதிரி மாற்றினார்கள். நம்மவருடையது 1971. வழிநெடுக உள்ள பிளாஸ்டிக் புஷ்கள் ஐம்பது வருஷத்தில் தேய்ந்துபோனதால், இரண்டாவது கியரைக் கூப்பிட்டால் நாலாவது வந்து நிற்கும். முதல் கியர் இடது ஓரத்தில் கீழே. அதற்கு நேர் மேலே ரிவர்ஸ். சிக்னலில் இவருக்குப் பின்னால் நிற்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே வரன் தேடல். அதற்கென்று ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. இடதுபக்கம் பெயர், வலதுபக்கம் தோஷம்.

முதல் ஜாதகம் 915. 1972 மாடல் 911-இல் வந்தது. சொந்தத்துக்குள் சொந்தம், உடம்பிலும் வலு. தோஷம் திசையில். 911-இல் இஞ்சின் கடைசியில், கியர் பாக்ஸ் அதற்கு முன்னால். 914-இல் அது அப்படியே மாறி இருக்கிறது. எனவே 915-ஐத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். பெட்டியைப் பிரித்துக் கிரௌன் வீலை மறுபக்கம் மாட்டினால்தான் சரியாகும். மாட்டாவிட்டால் பின்னால் போக ஐந்து கியர், முன்னால் போக ஒன்றே ஒன்று.

அடுத்தது 911 டர்போ வீட்டு 930. எவ்வளவு முறுக்கினாலும் அசையாத பயில்வான். ஆனால் 1988 வரை அந்த வீட்டில் நாலே கியர். "அஞ்சு கியரோட வளர்ந்தவளை நாலு கியர் வீட்டுல கொடுக்கறதா?" என்று தள்ளிவிட்டார்.

மூன்றாவது ஜப்பான் வரன், சுபாரு. திசைப் பொருத்தம் அமோகம். அங்கேயும் முதலில் இஞ்சின், பின்னால் கியர் பாக்ஸ். ஆனால் நாலு சக்கரத்தையும் இழுத்துப் பழகிய பிள்ளை. பின்பக்கம் போகிற வழியை அடைத்து, நடு டிஃபரென்ஷியலைப் பூட்டி, இனி இரண்டு சக்கரத்தோடு குடும்பம் நடத்து என்று சொல்ல வேண்டும். கம்பிக்குப் பதில் கேபிள் வேறு.

கடைசியாக வந்தது போர்ஷே பாக்ஸ்டர் வீட்டு ஜாதகம். குலமும் சரி, திசையும் சரி. கேபிளும் மவுண்டும் புதிதாகச் செய்ய வேண்டும். வெளிவரன் எதுவானாலும் அந்தச் செலவு உள்ளதுதான். நோட்டில் வலதுபக்கம் காலியாகவே கிடந்தது. நம்மவர் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "எல்லாமே பொருந்துது. அதுதான் சந்தேகமா இருக்கு" என்றார்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வருகிற பெட்டி ஷெவர்லே வி8 இஞ்சினைத் தாங்க வேண்டும். 914-இல் வி8 ஏற்றுவது இங்கே 1970-களிலிருந்து நடக்கிற கூத்து. நம்மவரிடம் வி8 இல்லை. வாங்குகிற உத்தேசமும் இல்லை. காரில் இருப்பது 1.7 லிட்டர், 80 குதிரைச் சக்தி. "நாளைக்கே ஆசை வந்துட்டா?" என்பார். பிறக்காத பிள்ளைக்கு அரைஞாண் கயிறு வாங்குபவர்கள் உண்டு. இவர் காதுகுத்துக்குப் பந்தலே போட்டுவிட்டார்.

நான் ஆட்டோமேட்டிக் டொயோட்டா ஓட்டுகிறவன். எனக்குக் கியர் என்றால் பி, ஆர், என், டி. அதனாலேயே என்னிடம் பேசுவது அவருக்குச் சௌகரியம், எதிர்க்கேள்வி வராது. திங்கட்கிழமை 915 என்று முடிவு சொல்வார். செவ்வாயிலிருந்து சனி வரை தினம் ஒரு காரணமாக அதிலிருந்து பின்வாங்குவார். இந்த மனிதருக்கே கிரௌன் வீலைத் திருப்பி மாட்டாமல் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் அவர் மனைவி கராஜில் எதையோ தேடப்போய், ஒரு காலி காபி டப்பாவுக்குள்ளிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தார். கியர் கம்பிக்கான புஷ் செட். உறை பிரிக்கவில்லை. கூடவே மடித்து வைத்த பில்லில் ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய தேதி. முதல் வாரத்திலேயே நோயைக் கண்டுபிடித்து மருந்துக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மருந்து தபாலில் வந்துசேர நாலு நாள் ஆகியிருக்கிறது. அந்த நாலு நாளில்தான் முதல் ஜாதகம் கைக்கு வந்திருக்கிறது.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்படிப்பட்ட மௌனத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

அடுத்த சனிக்கிழமை மதியம் புஷ்களை மாட்டி முடித்தார். மாலையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று தெரு சுற்றினார். இரண்டாவது கேட்டால் இரண்டாவது, நாலாவது கேட்டால் நாலாவது. ரிவர்ஸ் தன் வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை. வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், இழவு வீட்டில் சொல்கிற குரலில். கொஞ்ச நேரம் கழித்து முகம் தெளிந்தது. "கியர் இவ்வளவு சுத்தமா விழும்போதுதான் தெரியுது. இஞ்சின் கொஞ்சம் மந்தம், இல்லையா?"

அன்றிரவே புது நோட்டு. தொழிற்சாலையிலிருந்தே 911-இன் ஆறு சிலிண்டர் இஞ்சினோடு வந்த 914/6 சுமார் 3,300தான். அந்த மாதிரி ஆக்கலாமா, அல்லது சுபாரு இஞ்சினா என்று வேலியோரம் ஒரு மணி நேரம் பேசினார். நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போன இடத்தில் கேட்டேவிட்டேன். "உங்க இஞ்சின் காத்துல குளிரறது. சுபாருவுக்குத் தண்ணி வேணுமே, ரேடியேட்டரை எங்கே வைப்பீங்க?"

நெற்றியிலிருந்த கண்ணாடியை அவர் கண்ணுக்கு இறக்கினார். அத்தனை வாஞ்சையோடு என் சொந்தத் தாய்மாமன் கூட என்னைப் பார்த்ததில்லை. ஒன்றரை வருஷமாகப் பாதி மட்டுமே தூக்கியிருந்த கராஜ் கதவு அன்று எனக்காக முழுசாகத் திறந்தது.