பெல்ஃபாஸ்டில் நின்ற உலகச் சுற்றுலா

மாதக்கணக்கில் கப்பலில் உலகம் சுற்றுவதில் பெரிய வசதி, பெட்டியை ஒரே தடவை பிரித்து அடுக்கினால் போதும். நாடுதான் ஜன்னலுக்கு வந்து நிற்கும். 2024 மே கடைசியில் 'வில்லா வி ஒடிசி' கப்பலில் மூன்றாண்டு உலாவுக்குக் கிளம்ப இருந்தவர்களுக்கு அப்படி வந்து நின்ற நாடு வட அயர்லாந்து. வந்தது, நின்றது, நகரவே இல்லை. சுக்கானில் கோளாறு, கியர்பாக்ஸில் கோளாறு. 1993-இல் கட்டிய கப்பல். பெயர் மட்டும்தான் புதுசு.

பகலில் கப்பலுக்குப் போய்ச் சாப்பிடலாம். பொழுது சாய்ந்தால் பஸ் ஏறி ஓட்டலுக்குத் திரும்ப வேண்டும். லட்சக்கணக்கில் பணம் கட்டி ஆபீஸ் போய்வந்த மாதிரி. நான்கு மாதத்தில் பெல்ஃபாஸ்ட் மழை பழகிவிட்டது, ஒரு ஜோடிக்கு நிச்சயதார்த்தமே முடிந்துவிட்டது.

செப்டம்பர் 30 அன்று ஒருவழியாகக் கயிற்றை அவிழ்த்தார்கள். ஊரைத் தாண்டியதும் மறுபடி நங்கூரம்! ஏதோ காகித வேலை பாக்கியாம். அக்டோபர் முதல் வாரத்தில்தான் நிஜமாகவே புறப்பட்டது. அதுவரை கடல் குமட்டல் யாருக்கும் வந்திருக்க வழியில்லை. கம்பெனி அதைத் தாராளமாக விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம்.