நின்றவூரில் நிற்காதவர்

திருமகள் வந்து நின்றதால் திருநின்றவூர் என்பது எங்கள் ஊர்த் தலபுராணம். திருமகளே நின்ற ஊரில் நிற்க மறுப்பவை இரண்டு. ஒன்று, அரக்கோணம் பக்கம் பறக்கும் எக்ஸ்பிரஸ் ரயில்கள். இன்னொன்று, எங்கள் தெருத் தம்பி. அதனாலேயே அவருக்கும் ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர். சட்டைப் பையில் மூடி கடிபட்ட கறுப்புப் பேனா, கையில் பழைய வினாத்தாள் தொகுப்பு, செல்போனில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாப்வாட்ச். சென்ட்ரல் பக்கம் போகும் லோக்கலுக்குக் காத்திருக்கும் கால் மணி நேரத்தில், நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து பத்துக் கணக்கைத் தீர்த்துவிடுவார். தீர்த்துவிடுவார் என்றால், தீர்த்துக்கட்டிவிடுவார்.

அவர் கேள்வியைப் படிப்பதில்லை. கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தைப் பார்ப்பதுபோல, முகஜாடையை வைத்தே அடையாளம் கண்டுவிடுவார். “அட, நம்ம அப்பா–மகன் வயசுக் கணக்கு!” தந்தையின் வயது மகன் வயதைப்போல மூன்று மடங்கு, ஐந்து ஆண்டுக்கு முன் நான்கு மடங்கு. பேனா பறக்கும். மகனுக்குப் 15 என்று வரும். விடைகளில் முதலாவதாக 15 இருக்கும். “முடிஞ்சுதுண்ணா, பதினெட்டு செகண்ட்!”

கேள்வியின் கடைசி வரி, ‘ஐந்து ஆண்டுக்கு முன் தந்தையின் வயது என்ன?’ என்பது. விடை 40. கேள்வித்தாள் எடுப்பவர் சும்மா இருப்பவரா? பாதி வழியில் கிடைக்கும் எண்ணையும் விடைகளில் ஒன்றாக உட்கார வைத்திருப்பார். எக்ஸ்பிரஸ் அங்கேதான் இறங்குவார்.

ஒரு நாள் ரயில் கணக்கு. 180 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், 220 மீட்டர் நடைமேடையைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? 180-ஐ 72-ஆல் வகுத்தார். “ரெண்டரை செகண்ட்!” சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் முன்னாலேயே ஒரு கூட்ஸ் வண்டி கடக்க ஆரம்பித்தது. முப்பது பெட்டி வரை எண்ணினேன், முடிவதாக இல்லை. “தம்பி, ரெண்டரை செகண்ட் ஆச்சான்னு பாரு” என்றேன். ரயில் நீளத்தோடு நடைமேடையையும் சேர்த்தால் 400 மீட்டர், 72 கி.மீ. என்பது விநாடிக்கு 20 மீட்டர். ஆக, 20 விநாடி. எல்லாம் அவருக்குத் தெரியும். “தெரிஞ்ச கணக்குதாண்ணா. சில்லி மிஸ்டேக்!”

இந்த ‘சில்லி மிஸ்டேக்’ அவருக்கு வங்கிச் சேமிப்பு மாதிரி. மாடல் டெஸ்டில் 25 கணக்கில் எத்தனை என்று கேட்டால், “இருபத்துநாலுண்ணா” என்பார். “பதினாறு வந்துச்சு, எட்டு சில்லி மிஸ்டேக். ஒண்ணே ஒண்ணுதான் தெரியாதது.” அந்த ஒன்றுக்காக இரவெல்லாம் வருந்தி, மறுநாள் புதிதாக ஒரு ஷார்ட்கட் புத்தகம் வாங்குவார். தெரிந்தே தொலைத்த எட்டை மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் அம்மாவும் எங்கள் ஊர்க் கோயிலில், ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று பெயர்கொண்ட திருமகள் சந்நிதியில் நின்று, “புள்ளைக்கு நல்லா கணக்கு வரணும்” என்றுதான் வேண்டுகிறார். கணக்கு வந்துவிட்டது. பொறுமைக்கு இன்னும் யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.

கண்டித்தால் பெரிய இடத்துச் சாட்சிகளை இழுப்பார். “ராமானுஜனே எஃப்.ஏ.வில ஃபெயில்ணா.” ராமானுஜன் கோட்டை விட்டது கணக்கைத் தவிர மற்ற பாடங்களில். “நாசாவே தப்பு பண்ணியிருக்கு.” உண்மைதான். 1999-ல் ஒரு பக்கம் பவுண்டிலும் மறுபக்கம் நியூட்டனிலும் கணக்குப் போட்டு, செவ்வாய்க்குப் போன விண்கலத்தையே தொலைத்தார்கள். ஆனால் நாசா விசாரணைக் குழு அமைத்தது. இவர் அடுத்த மாடல் டெஸ்டுக்குப் போய்விட்டார்.

இத்தனை வேகம் எதற்கு? குரூப் 4-ல் 200 கேள்வி, 3 மணி நேரம். கணக்கு, அறிவுக்கூர்மைப் பகுதி 25 கேள்வி. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். முன்பே முடித்தாலும் மணி அடிக்கும் வரை வெளியே விடமாட்டார்கள். சேமித்த அரை மணி நேரத்தையும் இவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தே செலவழித்தார். கறுப்புப் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அப்புறம் அழிக்கவும் முடியாது. 2025 ஜூலை 12 தேர்வில் 3,935 இடங்களுக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்றரை மதிப்பெண் என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஷார்ட்கட் தேவையில்லை.

ஸ்டேஷன் வாசல் டீக்கடை மாஸ்டரைப் பாருங்கள். ஒரு கையில் டீ ஆற்றிக்கொண்டே, “நாலு டீ நாப்பத்தெட்டு, ரெண்டு வடை இருபது, அறுபத்தெட்டு” என்பார். நூறு ரூபாய்த் தாளுக்கு மீதி தரும்போது, முதலில் இரண்டு ரூபாய் வைத்து “எழுபது”, பிறகு முப்பது வைத்து “நூறு”. கழித்ததைக் கூட்டிச் சரிபார்த்துவிட்டார். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. தன் கைக்காசு போகும் என்றால் யாருக்கும் சில்லி மிஸ்டேக் வராது.

மனக்கணக்கில் எங்கள் ஊருக்கு இன்னும் பெரிய முன்னோடி உண்டு. காஞ்சியில் பல்லவ அரசன் கல்லால் கோயில் எழுப்பியபோது, காசில்லாத பூசலார் இங்கே மனசுக்குள்ளேயே ஒன்று கட்டினார் என்கிறது பெரியபுராணம். அடித்தளம், விமானம், சுதை வேலை, மதில், குளம், கிணறு எதையும் அவர் விடவில்லை. இரண்டுக்கும் ஒரே நாள் குடமுழுக்கு அமைய, இறைவன் அரசன் கனவில் வந்து தேதியைத் தள்ளி வைக்கச் சொன்னார். கிணற்றை மறந்துவிட்டு, “சில்லி மிஸ்டேக்” என்று பூசலார் நாள் குறித்திருந்தால், இறைவன் காஞ்சிக்கே போயிருப்பார்.

போன மாதம் எக்ஸ்பிரஸிடம் ஒரு பழைய டைரியைக் கொடுத்து, தப்பான கணக்கையெல்லாம் காரணத்தோடு எழுதச் சொன்னேன். முதல் எட்டில் ஐந்து, கடைசி வரியைப் படிக்காதது. இரண்டு, அலகை மாற்றாதது. ஒன்று, வட்டம் மாறியது. கணக்குத் தெரியாதது ஒன்றுகூட இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு எக்ஸ்பிரஸ் இருந்தால், இன்னொரு ஷார்ட்கட் புத்தகம் வாங்கித் தராதீர்கள். கேள்வியின் கடைசி வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். வட்டத்தை அப்புறம் நிரப்பட்டும்.